திரையிலிருந்து தாளுக்கு: பழைய டிஸ்னி கதைப் புத்தகங்களைக் குடும்பமாக மறுபடி எடுத்தால்

டிஸ்னியின் 'சிண்டரெல்லா' 1950ன் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஓடியது, போய்விட்டது. மறுபடி திரைக்கு வந்தது 1957ல். முதல் முறை ஐந்து வயதில் பார்த்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது ஆகியிருக்கும். அதற்கப்புறம் 1965, 1973, 1981, 1987 என்று ஆறிலிருந்து எட்டு வருடத்துக்கு ஒரு முறைதான் அந்தப் படம் தலைகாட்டியது. வீடியோ கேசட்டாக வீட்டுக்குள் வர 1988 ஆனது. ஏறத்தாழ நாற்பது வருடம், நினைத்தபோது அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்க ஒரு குடும்பத்துக்கு வழியே இல்லை.

அந்த நீண்ட இடைவெளியில் வீட்டில் இருந்தது புத்தகம்தான். கெட்டி அட்டை, முதுகில் பொன்னிறப் பட்டை, உள்ளே இருபத்துச் சொச்சம் பக்கம். படம் பார்த்த குழந்தைக்கு அது நினைவு. பார்க்காத குழந்தைக்கு அதுவேதான் படம்.

இன்று நிலைமை தலைகீழ். படம் எப்போது வேண்டுமானாலும் கைபேசியில் கிடைக்கிறது. அப்படியென்றால் அதிலிருந்து வந்த கதைப் புத்தகம் எதற்கு? படத்தின் சுருக்கம்தானே, அசைவும் இல்லை, பாட்டும் இல்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல புத்தகங்கள் படத்தின் நகலாக இருந்ததே இல்லை என்பது ஒரு காரணம். அசைவும் பாட்டும் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் ஒரு குடும்பம் பேசத் தொடங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் புரிந்துகொள்ள, இந்தப் புத்தகங்கள் எப்படி உருவாயின என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ராசீன் என்று ஓர் ஊர். அங்கே வெஸ்டர்ன் என்ற அச்சு நிறுவனம் இருந்தது. டிஸ்னி கதாபாத்திரங்களை வைத்துப் புத்தகம் போடும் உரிமை 1933ல் அவர்களுக்குக் கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் செங்கல் போலத் தடித்த 'பிக் லிட்டில் புக்ஸ்' என்ற மலிவுப் புத்தகங்களை அவர்கள் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்கி மவுஸ் அதில் சேர்ந்துகொண்டது. பெரிய மாற்றம் வந்தது 1942ல். சைமன் அண்டு ஷூஸ்டர் பதிப்பகத்தோடு சேர்ந்து 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' வரிசையைத் தொடங்கினார்கள். முதல் தவணையில் பன்னிரண்டு புத்தகம். விலை 25 சென்ட். வண்ணப்படத்தோடு கெட்டி அட்டை போட்ட குழந்தைகள் புத்தகம் என்றால் அதுவரை வசதியுள்ள வீட்டுப் பொருள். கோல்டன் புக்ஸோ பல்பொருள் அங்காடியிலும் மருந்துக் கடையிலும், பிறகு சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைத்தது. குழந்தை கையை நீட்டினால் அம்மா மறுக்காமல் வாங்கித் தரக்கூடிய விலை. உள்ளட்டையில் 'இந்தப் புத்தகம் இன்னாருடையது' என்று பெயர் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஒரு குழந்தைக்குத் தன் பெயர் எழுதிய முதல் சொத்தாக அது இருந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து, 1944ல், டிஸ்னி பெயர் தாங்கிய புத்தகங்கள் இந்த வரிசையில் வரத் தொடங்கின.

புத்தகங்களை வரைந்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் சுவையாகிறது. முதல் பன்னிரண்டில் ஒன்றான 'த போக்கி லிட்டில் பப்பி'யை வரைந்தவர் குஸ்தாஃப் டெங்ரன் என்ற ஸ்வீடன்காரர். டிஸ்னியின் முதல் முழுநீளப் படமான 'ஸ்னோ ஒயிட்' (1937) படத்துக்கும் 'பினோக்கியோ'வுக்கும் (1940) சூழலை வரைந்து காட்டியவர் அவர்தான். அந்தப் படங்களில் முறுக்கிய மரங்களும் பழைய ஐரோப்பிய ஊர்த் தெருக்களும் மனதில் நிற்கின்றன என்றால் அதில் அவர் கைக்குப் பெரிய பங்குண்டு. 2001ல் 'பப்ளிஷர்ஸ் வீக்லி' இதழ் வெளியிட்ட பட்டியலில், அமெரிக்காவில் அதுவரை மிக அதிகம் விற்ற கெட்டி அட்டைக் குழந்தைகள் புத்தகமாக அந்த நாய்க்குட்டிக் கதை இருந்தது. சுமார் ஒன்றரைக் கோடிப் பிரதிகள்.

எனக்கு மிகப் பிடித்தவர் ரெட்டா ஸ்காட். 1938ல் டிஸ்னி ஸ்டுடியோவில் சேர்ந்தவர். அசைவை வரையும் வேலை அன்று ஆண்களுக்கு. பெண்கள் பெரும்பாலும் மை போடவும் வண்ணம் நிரப்பவும் வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தச் சுவரை உடைத்து, அனிமேட்டர் என்று டிஸ்னி படத்தில் பெயர் போடப்பட்ட முதல் பெண் அவர். படம் 'பாம்பி' (1942). அதில் வேட்டை நாய்க் கூட்டம் ஃபலீன் என்ற பெண் மானைப் பாறை மேல் வரை துரத்துமே, அந்த வெறி பிடித்த நாய்கள் அவர் வரைந்தவை. பிறகு ஸ்டுடியோவை விட்டு வெளியே போய், திருமணமாகி, 1950ல் ரெட்டா ஸ்காட் வூஸ்டர் என்ற பெயரில் 'சிண்டரெல்லா' கோல்டன் புக்கை வரைந்தார். அதன் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் அந்த நாய்களை வரைந்த கைதான் இது என்று நம்பமாட்டார்கள். அவ்வளவு மென்மை. சிண்டரெல்லாவின் முகமும் உடைகளும் படத்தில் இருப்பது போல இல்லை. அதனால் அந்தப் புத்தகம் எனக்கு உயர்ந்து தெரிகிறது.

படத்திலிருந்து வந்த புத்தகம் படம் போல இல்லாமல் எப்படிப் போகும்? இரண்டு காரணம். முதலாவது காலக்கணக்கு. படம் திரைக்கு வரும் நாளில் புத்தகம் கடையில் இருந்தாக வேண்டும். வரைந்து, அச்சுத் தகடு செய்து, வண்ணத்தில் அச்சடித்து, நாடு முழுக்க அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஓவியர் உட்கார்ந்து வரையும்போது படமே முடிந்திருக்காது. அவர் கையில் இருப்பது காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு, கதாபாத்திர மாதிரித் தாள்கள், சூழல் ஓவியங்கள். 'பீட்டர் பேன்' படம் 1953 பிப்ரவரியில் வந்தது. ஜான் ஹென்ச், ஆல் டெம்ப்ஸ்டர் என்ற இரண்டு ஸ்டுடியோ ஓவியர்கள் வரைந்த அதன் கோல்டன் புக்கில் இருப்பது 1952. படம் எடுக்கிறபோது மனதில் ஓடிய எண்ணங்களும் கடைசியில் வெட்டப்பட்ட சாயல்களும் அந்தக் காலப் புத்தகங்களில் தங்கிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது கைவேலை சம்பந்தப்பட்டது. அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஒரே சிண்டரெல்லாவைப் பல ஓவியர்கள் ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டும், எல்லாம் ஒரே ஆள் போலத் தெரிய வேண்டும். எனவே கோடு எளிமையாக இருக்கும், நிறம் தட்டையாக இருக்கும், உடையில் பூவேலைப்பாடு இருக்காது. புத்தக ஓவியருக்கு இந்தக் கட்டு கிடையாது. ஒரு காட்சியை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும். பாவாடை ஓரத்தில் சரிகை வைக்கலாம், சுவரில் தூரிகைத் தடத்தை விட்டுவைக்கலாம், ஒரு பக்கத்தில் நீல இருட்டும் அடுத்ததில் மஞ்சள் வெளிச்சமும் கொட்டலாம். படத்தில் கட்டிப்போட்டிருந்த கைக்குப் புத்தகத்தில் விடுதலை. குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கும்போது இதை மட்டும் சொல்லிக் கொடுத்தால்கூடப் போதும், அதற்கப்புறம் எந்தப் படப் புத்தகத்தையும் அது வேறு கண்ணோடு பார்க்கும்.

அடுத்து, சுருக்கம். 74 நிமிடப் படம் இருபத்துச் சொச்சம் பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். 'சிண்டரெல்லா' படத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்: அதில் பெரும்பகுதி சிண்டரெல்லாவுக்கே சொந்தமில்லை. ஜாக், கஸ் என்ற இரண்டு எலிகளுக்கும் லூசிஃபர் என்ற பூனைக்கும் நடக்கிற போராட்டம் அது. மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்ட பெண்ணுக்காக அந்த எலிகள் தங்களைவிடப் பெரிய சாவியை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு ஏறும் காட்சியில் வசனம் மிகக் குறைவு, பதைப்பு மிக அதிகம். தாளில் அது ஒரு வரி, ஒரு சித்திரம். இதை இழப்பு என்று சொல்வார்கள். வீட்டில் நடப்பது வேறு. படம் பார்த்திருக்கிற குழந்தை அந்த வரியில் நிறுத்திவிடும். 'இல்ல, இன்னும் இருக்கு' என்று எழுந்து நின்று, சாவியை எப்படித் தள்ளினார்கள், கஸ் எப்படி மூச்சு வாங்கினான், பூனை எங்கே ஒளிந்திருந்தது என்று நடித்தே காட்டும். திரை முன்னால் அதே குழந்தை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. புத்தகம் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் பொறுப்பு தன்னுடையது என்று அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு குழந்தை கதை சொல்லியாக மாறுகிற இடம் இது. இதற்குத் தனியாக எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இந்தப் புத்தகங்கள் நமக்கு ஆங்கிலத்தில்தான் கைக்கு வருகின்றன. படித்துக் காட்டுவதோ தமிழில். ஆங்கில வரியைக் கண்ணால் ஓட்டிக்கொண்டே வாயால் தமிழில் சொல்கிறோம். எங்கள் வீட்டில் பாட்டியிடம் இந்த வேலை போனபோது அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. படத்தையும் அவர் பார்த்ததில்லை. சித்திரத்தை மட்டும் வைத்து, மாற்றாந்தாய்க்கு ஒரு குரல், வண்டியாக மாறுகிற பரங்கிக்காய்க்கு ஒரு ஏற்பாடு என்று சொந்தமாகவே ஒரு கதையைக் கட்டினார். 'அப்படி இல்ல பாட்டி' என்று பேரன் குறுக்கே விழ, 'சரி, எப்படின்னு நீ சொல்லு' என்று அவர் கேட்க, அன்றைக்கு அந்தப் புத்தகம் முடிய வெகுநேரம் ஆனது. படத்தைப் போட்டிருந்தால் பாட்டி பாதியில் தூங்கியிருப்பார்.

வாசிக்கிற குரலை இயந்திரத்திடம் ஒப்படைத்த காலமும் உண்டு. 1965ல் டிஸ்னிலாண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 24 பக்கப் புத்தகத்தோடு ஏழு அங்குல இசைத்தட்டைச் சேர்த்து விற்கத் தொடங்கியது. தட்டு சுழலும், கதை ஓடும், பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதை மணியடிப்பாள். 'பீட்டர் பேன்' படத்தில் அவளுக்குப் பேச்சே கிடையாது, மணியோசை மட்டும்தான். பக்கம் திருப்பச் சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. பிறகு இதே ஏற்பாடு கேசட்டுக்கு மாறியது. அம்மா அப்பா கூட இல்லாதபோதும் குழந்தை எழுத்தின் மேல் விரல் வைத்துக் குரலைத் தொடர முடிந்தது. படிக்கக் கற்றுக்கொள்ள அது நல்ல துணை. ஆனால் ஒரு குறை: மணி அடித்தால் திருப்பித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கத்தில் தங்கி நிற்கும் உரிமை குழந்தையிடமிருந்து போய்விட்டது. புத்தகத்தின் மிகப் பெரிய பலமே அந்த உரிமைதான் என்று நினைக்கிறேன்.

பயமும் துக்கமும் வருகிற பக்கங்களில் அந்த உரிமையின் அருமை தெரியும். 'பாம்பி'யில் தாய் மான் சுடப்படும் இடத்தைத் திரையில் நாம் பார்ப்பதில்லை. ஒரு வெடிச்சத்தம், பனி, குட்டி தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு அலைவது. படம் உடனே வசந்தத்துக்கும் பறவைகளின் பாட்டுக்கும் தாவிவிடுகிறது. குழந்தை அழத் தொடங்குவதற்குள் திரை சிரிக்கிறது. புத்தகங்களில் இந்த இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்: சிலவற்றில் ஒரு வரி, சிலவற்றில் அதுவும் இல்லை. ஒரு வரி இருந்தாலும் போதும், அங்கே நிறுத்தலாம். 'அம்மா ஏன் வரல?' என்ற கேள்வி வரும் வரை காத்திருக்கலாம். பதில் சொல்லிவிட்டுத் திருப்பலாம், அல்லது இன்றைக்கு இதோடு போதும் என்று மூடிவைக்கலாம். படத்தின் வேகம் படம் எடுத்தவர் கையில். பக்கத்தின் வேகம் மடியில் இருக்கிற குழந்தையின் கையில்.

இன்னொரு விதமான பக்கங்களும் இருக்கின்றன, அவற்றைத் தவிர்த்துப் பேச முடியாது. 'பீட்டர் பேன்' படம் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேலிச்சித்திரமாகக் காட்டியது. 'டம்போ'வில் (1941) வரும் காகங்கள் கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் பகடி செய்பவை. தலைமைக் காகத்துக்குத் தயாரிப்பில் வைத்த பெயர் 'ஜிம் குரோ'; அமெரிக்காவின் நிறவெறிச் சட்டங்களுக்கு இருந்த பெயரே அது. அதற்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளையர். 2020ல் டிஸ்னி ஸ்ட்ரீமிங் தளம் இத்தகைய படங்களுக்கு முன்னால், இந்தச் சித்திரிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற அறிவிப்பைப் போட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குழந்தைகளுக்கான கணக்குகளிலிருந்து அவற்றில் சிலவற்றை எடுத்தும்விட்டது. அலமாரியில் இருக்கிற பழைய புத்தகத்துக்கு அப்படி எந்த அறிவிப்பும் கிடையாது. அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது. பக்கத்தைக் கிழிக்கவோ புத்தகத்தை ஒளித்துவைக்கவோ வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு 'இப்படி வரைந்தவர்கள் அந்த மக்களோடு பழகியே இருக்கமாட்டார்கள், அவர்கள் பார்த்தால் எப்படி வலிக்கும்?' என்ற அளவில் பேச முடியும். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் வேறு புத்தகம் எடுக்கலாம், அவசரமே இல்லை.

'டம்போ' பற்றி ஒரு கிளைக்கதை. அந்தக் கதையே ஒரு பொம்மையாகத்தான் பிறக்க இருந்தது. ஹெலன் ஆபர்சனும் ஹரால்டு பெர்லும் எழுதிய அது, பெட்டிக்குள் சுருளாக இருக்கும் படக்கதையை ஒரு திருகைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் 'ரோல் அ புக்' என்ற விளையாட்டுப் பொருளுக்காக உருவானது. டிஸ்னி உரிமையை வாங்கி 64 நிமிடப் படமாக்கினார். பிறகு அது கோல்டன் புக்காகத் தாளுக்கே திரும்பியது. பினோக்கியோவுக்கு இன்னும் நீண்ட பயணம்: 1881 முதல் 1883 வரை கொலோடி இத்தாலியப் பத்திரிகையில் தொடராக எழுதினார், அதில் பேசும் சிள்வண்டு தொடக்கத்திலேயே பினோக்கியோ எறிந்த சுத்தியல் பட்டுச் செத்துப்போகும். டிஸ்னி அதற்கு உயிர் கொடுத்து, தொப்பி மாட்டி, மனசாட்சியாக்கினார். கதைப் புத்தகங்கள் அந்தச் சிள்வண்டைத்தான் உலகம் முழுக்கக் கொண்டு போயின. 'ஜங்கிள் புக்'கிலும் இதேதான். கிப்ளிங் 1894ல் எழுதியபோது மலைப்பாம்பு கா, மௌக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்ட நண்பன். 1967 படத்தில் அவன் வில்லன். மத்தியப் பிரதேசத்துச் சிவனி காட்டில் நடக்கிற கதையை நம் ஊர்க் குழந்தைகளும் கலிபோர்னியாவில் வரைந்த உருவத்தில்தான் அறிகிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு மூல நூல், படம், கதைப் புத்தகம் மூன்றையும் ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வீடியோ கேசட் வந்தபின் இந்தப் புத்தகங்களின் இயல்பே மாறியது. 'லயன் கிங்' 1995ல் கேசட்டாக வந்து மூன்று கோடிக்கு மேல் விற்றது. படமே அலமாரியில் இருக்கும்போது அதை நினைவுபடுத்த ஒன்று தேவையில்லை. பொம்மை, பை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றோடு சேர்ந்து படத்தின் விற்பனைப் பொருட்களில் புத்தகமும் ஒன்றானது. கதாபாத்திரம் எல்லாப் பொருளிலும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதி இறுகியது. ரெட்டா ஸ்காட் வரைந்த மாதிரி படத்தை விட்டு விலகி வரைய அதில் இடம் குறைவு. கோல்டன் புக்ஸ் நிறுவனமும் 2001ல் திவாலாகி, அதன் புத்தகங்கள் ராண்டம் ஹவுஸ் வசம் போயின. அந்த வரிசை இன்றும் வருகிறது, பொன்னிற முதுகோடு. இப்போது வருபவற்றில் நன்றாக வரைந்தவை இல்லாமல் இல்லை, தேடி எடுக்க வேண்டும்.

ஜப்பானில் வேறு வழியில் போனார்கள். இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' 1988ல் வந்தபோது, அதைத் தயாரித்த கிப்லி ஸ்டுடியோவுக்குப் பின்னால் நின்ற டோகுமா ஷோட்டன் ஒரு பதிப்பகமே. அவர்கள் புதிதாக வரைய வைக்காமல், படத்தின் சட்டகங்களையே எடுத்து அடுக்கிக் கதைப் புத்தகம் போட்டார்கள். கிப்லி படங்களில் பின்னணி ஓவியம் அவ்வளவு நுணுக்கமானது என்பதால் இது பொருந்துகிறது. மழையில் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு சத்சுகி என்ற சிறுமி நிற்க, பக்கத்தில் டோட்டோரோ என்ற அந்தப் பெரிய உருவம் வந்து நிற்கும் காட்சி திரையில் சில நிமிடத்தில் கடந்துவிடும். தாளில் அந்தப் புல்லையும் ஈரத்தையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குடும்பமாக இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: படத்தை முதலில் பாருங்கள், புத்தகத்தை அன்றே எடுக்காதீர்கள். சில நாள் கழித்து எடுங்கள். உடனே எடுத்தால் குழந்தை படத்தோடு ஒத்துப் பார்ப்பதிலேயே இருக்கும். நாள் கழிந்தால் அதன் நினைவில் நின்றது எது, மறந்தது எது, அது சேர்த்துக்கொண்டது எது என்று எல்லாம் வெளியே வரும். பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல் உள்ளே முதல் பக்கத்தில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போட்டிருந்தால், ஒரு தனி மனிதரின் கை அதில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

முடிந்தால் 'சிண்டரெல்லா'வுக்கு மட்டும் இன்னொரு புத்தகத்தையும் தேடுங்கள். அந்தப் படத்துக்கு நிறமும் மனநிலையும் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டியவர் மேரி பிளேர். தட்டையான, துணிச்சலான வண்ணங்கள். உருவங்கள் சின்னதாக, மாளிகை விசுவரூபமாக. வால்ட் டிஸ்னிக்கு அவர் ஓவியங்கள் மேல் அத்தனை பிரியம். ஆனால் அனிமேட்டர்களின் உருண்டு திரண்ட உருவங்களோடு அந்தப் பாணி முழுதாக ஒட்டவில்லை. படத்தில் அது தணிந்துதான் வந்தது. 2007ல் டிஸ்னி பிரஸ் அவருடைய அந்த ஓவியங்களையே வைத்து, சிந்தியா ரைலன்ட் எழுதிய உரையோடு ஒரு கதைப் புத்தகம் வெளியிட்டது. ஓவியங்கள் வரையப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆக 1950 படம், ரெட்டா ஸ்காட்டின் புத்தகம், மேரி பிளேரின் புத்தகம் என்று ஒரே ஸ்டுடியோவின் கதவு வழியாக வந்த மூன்று சிண்டரெல்லாக்கள். மூன்றிலும் நள்ளிரவு மணி அடிக்கிற பக்கத்தைத் திறந்து வைத்து, எதில் அவள் வேகமாக ஓடுகிறாள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதற்கு அவர்கள் ஒரே பதில் சொல்லமாட்டார்கள்.